பாதி சுரம் உன்னிடம், பாதி சுரம் என்னிடம்

தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே, பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில் டிட்டிகாக்கா என்ற பெரிய ஏரி இருக்கிறது. அந்த வட்டாரத்தில் வாழும் அய்மாரா, கெச்சுவா மக்கள் 'சிக்கு' என்றொரு குழலை வாசிக்கிறார்கள். ஸ்பானிய மொழியில் இதற்கு 'சம்போஞா' என்று பெயர். நீளம் படிப்படியாகக் குறையும் நாணல் குழாய்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய கருவி இது. ஒரு குழாய்க்கு ஒரு சுரம்.

இந்தக் கருவியில் ஒரு விந்தை உண்டு. ஒருவர் தனியாக இதில் முழுப் பாட்டையும் வாசிக்க முடியாது. சுர வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள சுரங்கள் ஒருவர் கையில் இருக்கும். இடையில் விடுபட்டவை அடுத்தவர் கையில் இருக்கும். ஒரு பாதிக்கு 'இரா' என்றும் மறுபாதிக்கு 'அர்கா' என்றும் பெயர். பொதுவாக இராவில் ஆறு குழாய்கள், அர்காவில் ஏழு. இருவரும் மாறி மாறி ஊதினால்தான் பாட்டு உருவாகும். ஒருவர் மூச்சு விடும் கணத்தில் மற்றவர் ஊத வேண்டும். கண்ணை மூடிக் கேட்டால் ஒரே ஆள் வாசிப்பதுபோல இருக்கும்.

குழலே இல்லாமல், வெறும் வயலின்களையும் செல்லோவையும் கொண்டு இந்த இசையை எழுதிக் காட்டியவர் கேப்ரியேலா லீனா ஃபிராங்க். இன்று உலக அளவில் அறியப்பட்ட மேற்கத்தியச் செவ்வியல் இசையமைப்பாளர்களில் அவரும் ஒருவர். வரலாற்றின் முக்கியமான பெண் இசையமைப்பாளர்கள் 35 பேரை 2017ல் பட்டியலிட்ட 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ், அதில் அவர் பெயரையும் சேர்த்தது.

ஆனால், அவர் பிறந்தது ஆண்டிஸ் மலையில் அன்று. சிக்கு வாசிக்கும் குடும்பத்தில் வளர்ந்தவரும் அல்லர். அந்த இசை அவருக்கு எப்படிச் சொந்தமானது என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பல கண்டங்களின் பிள்ளை

கேப்ரியேலா 1972ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தையின் முன்னோர் லிதுவேனியாவைச் சேர்ந்த யூதர்கள். தாய் பெரு நாட்டவர். அவருடைய முன்னோரில் சீனர்களும் உண்டு. அமெரிக்க அமைதிப் படையின் தொண்டூழியராகப் பெருவுக்குச் சென்ற தந்தை, அங்கேதான் தாயைச் சந்தித்தார்.

பெருவில் சீனர்கள் எப்படி வந்தார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். 1849க்கும் 1874க்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் சீனத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டங்களிலும், உரத்துக்காகப் பறவை எச்சத்தை வெட்டியெடுக்கும் தீவுகளிலும் அவர்கள் உழைத்தனர். பின்னர் வணிகர்களாகவும் பலர் அங்கே குடியேறினர். ஸ்பானியர், கெச்சுவா பழங்குடியினர், ஆப்பிரிக்கர் ஆகியோரோடு சீனரும் கலந்த நாடு பெரு.

இத்தனை வேர்கள் இருந்தாலும், பெர்க்லியில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அவை எல்லாமே தொலைவில்தான் இருந்தன. தாயின் ஊரைப் பற்றிக் கதைகள் கேட்டிருக்கலாம். ஆனால், ஒரு கதையைக் கேட்பதும் ஓர் ஊரின் இசையை அறிவதும் ஒன்றாகிவிடாது.

கேட்கும் கருவியும் பியானோவும்

கேப்ரியேலாவுக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைவு. மிதமானது முதல் கடுமையானது வரை என்று மருத்துவர்கள் வகைப்படுத்தும் அளவுக்கு அந்தக் குறைபாடு இருந்தது. பாலர் பள்ளிக்குச் செல்லும் வயதில்தான் அது கண்டறியப்பட்டு, காதில் கேட்கும் கருவி பொருத்தப்பட்டது. அதற்கு முன்பே அந்தக் குழந்தை பியானோவில் விளையாடிக்கொண்டிருந்தது. தொடும்போது அதிரும் பொருள் என்பதால் பியானோ அவருக்கு நெருக்கமானது.

இன்றும் அவர் இசையெழுதும்போது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்துவிடுவதுண்டு. வெளியோசை அடங்கிய அமைதியில் உள்ளே ஒலிப்பதை எழுதுவது அவர் வழக்கம்.

2020ஆம் ஆண்டு பேட்டோவன் பிறந்து 250 ஆண்டுகள் நிறைவடைந்தன. அப்போது 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் கேப்ரியேலா ஒரு கட்டுரை எழுதினார். காது கேளாமையை வென்று பேட்டோவன் இசையமைத்தார் என்றுதான் நாம் வழக்கமாகப் படித்திருப்போம். கேப்ரியேலா வேறு விதமாகப் பார்க்கிறார். கேளாமை பேட்டோவனுடைய இசைக்குள்ளேயே பதிந்திருக்கிறது என்பது அவர் வாதம். பிற்காலப் பியானோ படைப்புகளில் இரு கைகளும் விசைப்பலகையின் இரு ஓரங்களுக்கு விலகிப் போவதையும், ஒலியைவிட அதிர்வைத் தேடுவதுபோல இசை மாறுவதையும் அவர் தம் சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். குறைபாட்டைத் தடையாக மட்டும் பார்க்காமல், அது ஒருவருக்குக் கொடுக்கும் தனிப் பார்வையையும் கவனிக்கச் சொல்கிறார் அவர்.

வழிகாட்டிய இருவர்

ஹியூஸ்டன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலைப் பட்டங்களையும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2001ல் முனைவர் பட்டத்தையும் அவர் பெற்றார். அவருக்கு வழிகாட்டிகளாக அமைந்த இசையமைப்பாளர்களில் இருவர் முக்கியமானவர்கள். இருவரையும் அவர் நேரில் சந்தித்ததில்லை.

முதலாமவர் ஹங்கேரியின் பேலா பார்டோக். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்து, உழவர்களின் பாட்டுகளைப் பதிவு செய்தவர். அந்தப் பாட்டுகளின் தாளமும் சுர அமைப்பும் அவருடைய இசையின் எலும்பாகவே மாறின.

இரண்டாமவர் அர்ஜென்டினாவின் அல்பெர்டோ ஹினஸ்தேரா (1916–1983). மாடு மேய்க்கும் 'கவுச்சோ' மக்களின் முரட்டுத் தாளங்களைப் பெரிய இசைக்குழுவுக்குக் கொண்டுவந்தவர். அவர் 1941ல் எழுதிய 'எஸ்தான்சியா' என்ற பாலே நாட்டிய இசை இன்றும் உலக மேடைகளில் ஒலிக்கிறது.

நாட்டுப்புறப் பாட்டின் மெட்டை எடுத்து, அதற்கு அழகாகச் சட்டை மாட்டிவிடுவது ஒரு முறை. அந்த இசை எந்த விதிகளால் இயங்குகிறது என்று கற்றுக்கொண்டு, அந்த விதிகளிலிருந்து புதிதாக எழுதுவது இன்னொரு முறை. பார்டோக்கும் ஹினஸ்தேராவும் தம் சிறந்த படைப்புகளில் இரண்டாவதைச் செய்தார்கள். கேப்ரியேலாவும் அந்த வழியில் போனார். தென்னமெரிக்காவில் பலமுறை பயணம் செய்து, இசையோடு அங்குள்ள கதைகளையும் கவிதைகளையும் வழக்கங்களையும் தேடிப் படித்தார்.

நான்கு வயலின் உறவுகள், ஒரு மலை

அந்தத் தேடலின் பலனை 2001ல் அவர் எழுதிய 'லெயெண்டாஸ்: ஓர் ஆண்டிஸ் நடைப்பயணம்' என்ற படைப்பில் கேட்கலாம். 'லெயெண்டாஸ்' என்றால் ஸ்பானிய மொழியில் பழங்கதைகள். 'ஸ்டிரிங் குவார்டெட்' எனப்படும் நால்வர் குழுவுக்காக எழுதப்பட்டது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ, அவ்வளவுதான். ஐரோப்பாவில் ஹைடன், மோசார்ட் காலத்திலிருந்து மிக உயர்வாக மதிக்கப்படும் அமைப்பு இது. அந்த நான்கு கருவிகளையும் அவர் ஆண்டிஸ் மலைக்கு அழைத்துப் போகிறார். படைப்பில் ஆறு பகுதிகள் உள்ளன.

முதல் பகுதி 'டோயோஸ்'. டோயோ என்பது சிக்கு குடும்பத்தின் மிகப் பெரிய குழல்களில் ஒன்று. அதை ஊத நிறைய மூச்சு வேண்டும். ஊதும்போது சுரத்தோடு காற்றின் ஓசையும் சேர்ந்தே வரும். அந்த மூச்சிரைப்பை வில்லால் இழுக்கும் தந்தியில் கொண்டுவர முயல்கிறது இந்தப் பகுதி.

இரண்டாவது 'தார்க்கேயாதா'. தார்க்கா என்பது கனமான மரக்குழல். மென்மையாக ஊதுவது அதன் வழக்கத்தில் இல்லை. வலுவாக ஊதி, சுரமே பிளந்துபோகும்படி செய்வார்கள். தார்க்கா குழுவினர் ஒரே மெட்டை நான்காம், ஐந்தாம் சுர இடைவெளிகளில் இணையாக வாசிப்பார்கள். நம் கணக்கில் சொன்னால், ஒருவர் 'ச' வாசிக்கும்போது மற்றவர் 'ம' அல்லது 'ப' வாசித்து, மெட்டு முழுவதும் அதே இடைவெளியில் கூடவே நடந்து வருவது.

பியானோ, வயலின் தேர்வுகளுக்காக இசைக் கோட்பாடு படிக்கும் மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம். இணையாக நகரும் ஐந்தாம் இடைவெளிகளைத் தவிர்க்க வேண்டும் என்று மேற்கத்திய இசையிணைவுப் பாடநூல்கள் கற்பிக்கின்றன. தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். ஆண்டிஸ் மலையில் அந்த இணைநடைதான் இசையின் உயிர். முனைவர் பட்டம் வரை படித்த கேப்ரியேலாவுக்கு அந்த விதி நன்றாகத் தெரியும். ஒரு மரபின் பிழை இன்னொரு மரபின் அழகாக இருக்க முடியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

மூன்றாவது 'ஹிம்னோ தே சம்போஞாஸ்', அதாவது சம்போஞாக்களின் துதிப்பாடல். நாம் தொடக்கத்தில் பார்த்த பங்குபோடும் முறை இங்கேதான் வருகிறது. மெட்டு ஒருவரிடம் முழுதாக இருப்பதில்லை. துண்டு துண்டாகக் கைமாறிக்கொண்டே போகிறது. சம்போஞாவை அகலமாக ஊதும்போது அடிச்சுரத்துக்கு மேலே வேறு மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். அதைக் காட்ட, வாசிப்பவர்கள் ஒரே இழுப்பில் இரண்டு தந்திகளை ஒலிக்கச் செய்கிறார்கள்.

நான்காவது 'சாஸ்கி'. இன்கா பேரரசின் அஞ்சல் ஓட்டக்காரர்களுக்குச் சாஸ்கி என்று பெயர். இன்கா சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். 2014ல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. குதிரையும் சக்கர வண்டியும் இல்லாத அந்த நாட்டில், செய்தியைச் சுமந்துகொண்டு ஓடும் சாஸ்கி, வழியில் உள்ள சாவடியில் அடுத்தவரிடம் அதை ஒப்படைப்பார். வேகமாக ஓடுபவர் கையில் கனமான கருவி இருக்க முடியாது. ஆகவே சரங்கோ என்ற சின்னஞ்சிறு கிட்டாரும் கேனா என்ற மெல்லிய குழலும்தான் அவரிடம் இருந்திருக்கும் என்று கேப்ரியேலா கற்பனை செய்தார். சரங்கோ, ஸ்பானியர் கொண்டுவந்த தந்திக் கருவிகளின் வழியில் பிறந்தது. இன்கா காலத்தில் அது கிடையாது. கலைஞருக்கு உரிய உரிமையோடு செய்த கற்பனை என்பதை அவரே சொல்லிவிடுகிறார்.

ஐந்தாவது பகுதியின் பெயர் 'கான்தோ தே வெலோரியோ'. சாவு வீட்டில் கண்விழித்திருக்கும் இரவின் பாட்டு என்று பொருள். அங்கே 'யொரோனா' என்று அழைக்கப்படும் பெண்கள் இருக்கிறார்கள். இறுதிச் சடங்கில் துயரத்தைப் பெருக்க அழைக்கப்படுபவர்கள். அழுவதே அவர்கள் தொழில். ஒப்பாரியை அறிந்த நமக்கு இந்தப் பெண்களை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பகுதியில் ஒரு யொரோனா அழ, இன்னொருவர் உடன் சேர, பின்னால் பெண்கள் குழுவாகப் புலம்புகிறார்கள். இடையே கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய இலத்தீன் இரங்கற்பாவின் மெட்டும் எட்டிப் பார்க்கிறது. ஸ்பானியர் கொண்டுவந்த சமயமும் கெச்சுவா மக்களின் பழைய சடங்குகளும் பெருவில் அப்படித்தான் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

கடைசிப் பகுதி 'கோக்கெத்தேயோஸ்'. இரவு நேரத்தில் கிட்டார்களோடு காதல் பாட்டுப் பாடும் ஆண்களின் குறும்பு. அழுகைக்கு அடுத்தே சிரிப்பு வருகிறது.

அடக்காமல் சேர்ந்து வாழ்வது

இப்படி எழுதுவதற்குப் பின்னால் ஓர் எண்ணம் இருக்கிறது. அதைக் கேப்ரியேலா, பெருவின் எழுத்தாளர் ஹொசே மரியா அர்கேதாஸிடமிருந்து (1911–1969) பெற்றார். அர்கேதாஸ் கெச்சுவா மொழி பேசும் மக்களிடையே வளர்ந்தவர். ஸ்பானிய மொழியில் நாவல்களும் கெச்சுவாவில் கவிதைகளும் எழுதியவர். பண்பாடுகள் கலக்கும்போது ஒன்று மற்றொன்றை அடக்கிவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அடக்காமலேயே அவை சேர்ந்து வாழ முடியும் என்பது அவருடைய கருத்து. கலப்பைக் குறிக்கும் 'மெஸ்திசாஹே' என்ற ஸ்பானியச் சொல்லை அவர் அந்தப் பொருளில் பார்த்தார்.

'லெயெண்டாஸ்' அந்தக் கருத்தை ஒலியாக்குகிறது. வயலின் வயலினாகவே இருக்கிறது. அது சம்போஞா வேடம் போட்டு நம்மை ஏமாற்ற முயல்வதில்லை. ஆனால், சம்போஞாவிடம் பாடம் கேட்ட வயலின் பழையபடி ஒலிப்பதும் இல்லை.

பிற படைப்புகளிலும் இதே எண்ணம் தொடர்கிறது. 2002ல் எழுதிய 'சம்பியின் கனவுகள்', பெருவின் புகழ்பெற்ற கெச்சுவா புகைப்படக் கலைஞர் மார்ட்டின் சம்பியின் படங்களைப் பார்த்து எழுந்த இசை. செல்லோ கலைஞர் யோ-யோ மா தொடங்கிய 'பட்டுப் பாதை' இசைத்திட்டத்துக்காக 2006ல் 'ரித்மோஸ் அஞ்சினோஸ்' என்ற படைப்பை எழுதினார். ஆண்டிஸ், சீனம் என்ற இரண்டையும் குறிக்கும் ஸ்பானியச் சொற்களை ஒட்டவைத்து அவரே உருவாக்கிய பெயர் அது. சீனக் கருவிகள் பெருவின் தாளங்களை வாசிக்கும் அந்தப் படைப்பில் தாயின் குடும்ப வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. கிட்டாருக்கும் தந்திக் குழுவுக்கும் எழுதிய 'இன்கா நடனங்கள்' 2009ல் அவருக்கு லத்தீன் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது.

அவருடைய முதல் ஆப்பரா, ஓவியர்கள் ஃபிரிடா காலோ, டியகோ ரிவேரா தம்பதியைப் பற்றியது. 2022ல் சான் டியகோ நகரில் அரங்கேறிய அது முழுவதும் ஸ்பானிய மொழியில் பாடப்படுகிறது. கியூபாவில் பிறந்த நாடக ஆசிரியர் நீலோ குரூஸ் பாடல்களை எழுதினார். 1957ல் மெக்சிகோவின் இறந்தோர் திருநாளில், மரணத்தை நெருங்கிய டியகோ, மூன்று ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஃபிரிடாவை அழைக்கிறார். அவளும் ஒரே ஒரு நாள் திரும்பி வருகிறாள்.

பண்ணையில் ஒரு பள்ளி

2017ல் கேப்ரியேலா கலிஃபோர்னியாவின் பூன்வில் என்ற சிற்றூரில் உள்ள தமது பண்ணையில் இசையமைப்பாளர்களுக்கான கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கினார். பல இனங்களையும் பின்னணிகளையும் சேர்ந்த இளம் இசையமைப்பாளர்கள் அங்கே வருகிறார்கள். தேர்ந்த கலைஞர்கள் அவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டுகிறார்கள். தாளில் எழுதியது காற்றில் எப்படி ஒலிக்கிறது என்பதை உடனே கேட்டுத் திருத்தும் வாய்ப்பு, தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு எளிதில் கிடைக்காத ஒன்று. 2020ல் அவருக்கு ஹைன்ஸ் விருது வழங்கப்பட்டபோது அவருடைய இசையோடு இந்தப் பணியும் போற்றப்பட்டது.

அந்தப் பகுதி காட்டுத்தீயின் அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் இடம். 2021ல் அவர் எழுதிய 'கன்டெஸ்டட் ஈடன்' என்ற படைப்பு கலிஃபோர்னியாவின் காட்டுத்தீயைப் பற்றியது. பருவநிலை மாற்றத்தை இசையமைப்பாளர்கள் படித்து, அதைப் பற்றி எழுதுவதற்கென்று ஒரு திட்டத்தையும் அவருடைய கலைக்கழகம் நடத்துகிறது.

நமக்கு என்ன?

"என் வேர் எது?" என்ற கேள்வி பல இளையர்களுக்கு எழுகிறது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, காதில் மாட்டிய கருவியில் கொரியப் பாட்டு. இதில் எது என்னுடையது, எதை விட வேண்டும் என்ற குழப்பம் இயல்பானது.

கேப்ரியேலாவின் வாழ்க்கை இதற்கு ஒரு நேரான விடை தருகிறது. பெருவிய இரத்தம் உடலில் ஓடுவதால் மட்டும் அவருக்கு டோயோவின் மூச்சு தெரிந்துவிடவில்லை. பயணம் செய்தார், படித்தார், கேட்டார், பிறகு எழுதினார். வேர் என்பது பிறப்புச் சான்றிதழோடு சேர்ந்து வருவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு பாடம்போல உட்கார்ந்து கற்க வேண்டியது. கற்காவிட்டால் அது வெறும் குடும்பப் பெயராக நின்றுவிடும். கற்பதற்காக மற்றதைத் துறக்க வேண்டியதும் இல்லை. மோசார்ட்டின் நால்வர் குழுவை அவர் கைவிடவில்லை. அதற்குப் புதிய வேலை கொடுத்தார்.

இசை படிக்காதவர்களும் அவருடைய படைப்புகளைக் கேட்கலாம். 'லெயெண்டாஸ்' இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. தந்தி இசைக்குழுவுக்காக 2003ல் அவரே விரித்து எழுதிய வடிவமும் இருக்கிறது. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். முதலில் மூன்றாம் பகுதியைக் கேளுங்கள். மெட்டு யார் கையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது, அதற்கு முன்னால் டிட்டிகாக்கா ஏரிக்கரையில் சிக்கு வாசிக்கும் குழுவின் காணொளி ஒன்றையும் பார்த்துவிடுங்கள். ஒருவர் ஊத, மற்றவர் காத்திருந்து தம் சுரத்தைச் சரியான கணத்தில் கொடுப்பதைக் கண்ணால் கண்ட பிறகு, வயலின்கள் என்ன செய்கின்றன என்பது தானாகவே புரியும்.